வெளியார் சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை கருவியைக் கழுவினேனா இல்லையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. கழுவியதாகவும் ஒரு நினைவு இருக்கிறது. பம்பின் சத்தம்கூடக் கேட்கிறது. அது வேறொரு நாளின் சத்தமாகவும் இருக்கலாம்.

கோவில்பட்டியை ஒட்டிய எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், கடலையில் பூஞ்சை நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவி ஒன்று உண்டு. மானியத்தில் வாங்கியதால் வெளியாட்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வாரநாள்கள் எங்கள் மாணவர்களுக்கு. சனிக்கிழமை, அவர்கள் விட்டுவைத்த நேரம் வெளியாருக்கு. கருவிக்குப் பொறுப்பு நான்.

அன்று ஆய்வு மாணவி சத்யபிரியா அந்த நஞ்சையே அடர்த்தியாகக் கரைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். வேலை இழுத்துக்கொண்டே போனது. வெளியே பெஞ்சில், மடியில் டப்பாவோடு காளீஸ்வரி காத்திருந்தாள். ஊருக்குள் சின்னதாகக் கடலைமிட்டாய்ப் பட்டறை நடத்துபவள். சரக்கு கேட்ட கோயம்புத்தூர்க் கடைக்காரர்கள் பரிசோதனை அறிக்கையும் கேட்டிருந்தார்கள். கடலை, கயத்தாறுப் பக்கம் அவளுடைய தாய்மாமா சுடலைராஜின் செம்மண் காட்டில் விளைந்தது.

அடர்த்தியான கரைசல் ஓடிய குழாயைக் கழுவாமல் அடுத்ததை ஓட்டினால், முந்தியதன் மிச்சம் இதன் கணக்கில் ஏறிவிடும். எனக்கோ வீட்டுக்குப் போகும் அவசரம்.

நஞ்சு அளவுக்கு மீறி இருப்பதாகத் திரை காட்டியது. அவள் டப்பாவை மூடினாள். பிறகு கேட்டாள்:

“மெசினு தப்பாச் சொல்லாதுல்லா சார்?”

“சொல்லாது” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து நேரே கயத்தாறுக்குப் போயிருக்கிறாள். மாமாவின் களத்தில் வியாபாரிகள் இருந்த நேரம். அதன்பிறகு அந்தக் கடலையை யாரும் வாங்கவில்லை.

அடுத்த வாரம் கருவியைச் சரிபார்க்கும்போது, குளிர்பெட்டியில் மிச்சமிருந்த அவளுடைய கடலைச் சாற்றை மறுபடி ஓட்டினேன். சுத்தமாக இருந்தது. துறைத்தலைவர் பாண்டியராஜன், மறுசோதனைக்கு அவளைக் கூப்பிடலாம், காரணம் சொல்ல வேண்டாம், வெளியே தெரிந்தால் இனி யாரும் வரமாட்டார்கள் என்றார். போன் செய்தேன். ஒருதடவை பார்த்ததே போதும் என்று மறுத்துவிட்டாள். பிள்ளைகளுக்கு விஷத்தைக் கொடுக்கவிருந்தேன், நல்லவேளை காப்பாற்றினீர்கள் என்று நன்றியும் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன்.

மறுபடி ஓட்டியதைப் பார்த்திருந்த சத்யபிரியா, காளீஸ்வரியிடம் சொல்லிவிட்டீர்களா என்று சில நாள் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு உட்கார முடியாமல் போனது. ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு நாள் பட்டறைக்குப் போய், எல்லாவற்றையும் சொன்னேன்.

பாகு இறுகிக்கொண்டிருந்தது. காளீஸ்வரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெசத்த வித்தா சம்பாதிக்கீயன்னு நாலு பேரு முன்னால மாமாவக் கேட்டுட்டேன் சார். அவிய ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல. சாக்க மட்டும் உள்ள இழுத்துப் போட்டாவ.” கையைத் துடைத்தாள். “இத நீங்களே அவியட்ட வந்து சொல்லுங்க.”

போனோம். சுடலைராஜ் முழுவதும் கேட்டார்.

“ஒங்க மெசினு எந்த ஊரு?”

“ஜப்பான்.”

“அங்கன கடலை வெளையுதா?”

பதிலுக்குக் காத்திராமல் மருமகள் பக்கம் திரும்பினார்.

“மெசினு சொன்னத நம்புன, சரி. ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு நம்பிருக்கலாம்லா?”

அவள் அழுதாள். அவர் எழுந்து போய் மாட்டை அவிழ்த்துக் கட்டினார்.

சுடலைராஜ் இப்போது கடலை போடுவதில்லை. காடு முழுக்க மக்காச்சோளம். மருமகள் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறார், சாப்பிடாமல் போய்விடுகிறார். காளீஸ்வரி கடலையை வேறு வியாபாரியிடம் வாங்குகிறாள். பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்புகிறாள். சத்யபிரியா பட்டம் வாங்கிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டாள். பாண்டியராஜன் ஓய்வு பெற்றார். சனிக்கிழமைகளில் வெளியார் வருகிறார்கள். கருவிக்கு இன்னும் நான்தான் பொறுப்பு.