ஊற்றுக்குள் தீட்டு

"கொட்டுடி அதை!"

சென்னம்மாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கக்கூட இல்லை. அவள் புருஷன் ராஜப்பன் நிலைப்படியில் மறித்து நின்றார். குடத்துத் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்தது போலிருந்தது.

"கலங்கல்தானுங்க. செத்த நேரம் வெச்சா தெளிஞ்சிடும்."

"மண்ணு தெளியும். தீட்டு தெளியுமா?"

குடத்தைப் பிடுங்கித் தெருவில் கவிழ்த்தார். வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்த மகள் மாதம்மாள் உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவின் முகத்தைக் கண்டதும் திரும்பிப் போனாள்.

மாரண்டஹள்ளிக்கு மேற்கே இருந்த அந்தக் கிராமத்துக்கு ராஜப்பன்தான் ஊர்க்கவுண்டர். சேரியில் கிணறு இல்லாதவரை சேரிப் பெண்கள் ஊர்க் கிணற்றுக்கு எட்டத்தில் பானையை வைத்துவிட்டுக் காத்துக் கிடப்பார்கள். யாராவது மனசு வந்து உயரத்திலிருந்து ஊற்றினால் வீட்டில் அடுப்பெரியும். யுத்தம் ஆரம்பித்த அந்த வருஷத்தில் சர்க்கார் அனுமதியோடு சேரியிலேயே ஒரு கிணறு தோண்டினார்கள். முந்தின நாள் அடிப்பாறைக்கு வேட்டு வைத்தார்கள். பாறை விண்டு தண்ணீர் பீறிட்டது. மறுநாள் விடிந்தபோது ஊர்க் கிணறு சிவந்து கிடந்தது.

இரண்டுக்கும் ஊற்றுக்கண் ஒன்று என்பது சின்னப் பிள்ளைக்கும் புரிந்துவிட்டது. மனிதர்களுக்கு இடையில் கோடு கிழித்தவர்களுக்கு மண்ணுக்கு அடியிலும் ஒரு கோடு தேவைப்பட்டது.

அன்று சாயங்காலமே வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. சேரி ஜனங்கள் எட்டத்தில் நின்றார்கள். கிணறு வெட்டியவர்களில் ஒருவனான தீர்த்தனும் அவன் பெண்டாட்டி செல்லியும் முன்னால் நின்றார்கள். கூட்டத்துக்கு வெளியே, சுவரோரம் சென்னம்மாள் நின்றிருந்தாள்.

"நீங்க மேல மொள்ளுறீங்க. அந்தத் தண்ணி அடியில வழிஞ்சு எங்க கெணத்துக்கு வருது. உங்க தீட்டை நாங்க குடிக்கணுமா?" என்றார் ராஜப்பன்.

கிணற்றைத் தூர்த்துவிடலாம் என்றார் ஒருவர். சர்க்கார் கிணற்றில் கை வைத்தால் கேஸ் வரும் என்று இன்னொருவர் சொன்னதும் அந்த வீரம் அடங்கிப்போயிற்று.

தீர்த்தன் வாய் திறக்குமுன் செல்லி பேசிவிட்டாள்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா? ரெண்டு கெணத்துக்கும் தண்ணி மேல இருக்குற குட்டையில இருந்துதானுங்க இறங்குது. அதுலதான் எங்க எருமை படுக்குது, எங்க பசங்க குளிக்குது. வருசா வருசம் அதைத் தூர்வாரி, கரைக்கு மண்ணு போடறதும் நாங்கதான். கூலிகூட இல்லாம. அப்புடின்னா இத்தனை நாளா நீங்க குடிச்சது என்னா தண்ணிங்க?"

யாரோ சிரித்துத் தொலைத்தார்கள். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. ராஜப்பனின் காது மடல் சிவந்தது. ஒரு சேரிப் பொம்பளை பலபேர் நடுவில் தன் வாயை அடைத்துவிட்டாள் என்று நாளைக்குச் சந்தையில் பேசுவார்களே!

"அப்ப குட்டையும் வேணாம். கரையை ஒடைச்சு வுடுங்கடா!"

அதைச் செய்தால் தங்கள் கிணறும் வற்றும் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ராஜப்பனுக்கும் தெரியும். அறிவு இல்லாதவர்கள் செய்திருந்தால் பாவம் என்று விட்டுவிடலாம், இவர்கள் தெரிந்தே கடப்பாரையைத் தூக்கினார்கள்.

ராத்திரி சோறு போடும்போது சென்னம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"கோடையில கெணறு வத்திப்போயிடுங்க. சித்திரையில மாதம்மா பெத்தெடுக்கணும். தண்ணிக்கு எங்க போறது?"

"வத்தட்டும். இருக்குற வரைக்கும் சுத்தமா இருக்கும்."

அவளுக்குக் கையிலிருந்த அகப்பையால் அவர் மண்டையில் ஒன்று போடலாம் போலிருந்தது. அந்த அகப்பையாலேயே சோற்றை அள்ளிப் போட்டாள்.

பூசாரி வந்து ஊர்க் கிணற்றில் கோமியமும் மஞ்சள் நீரும் தெளித்து மந்திரம் சொன்னார். உடைந்த குட்டையின் தண்ணீர் சேரிப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி ஓடியது. சேரி ஆட்கள் அங்கே குறுக்கே கல்லை அடுக்கி, களிமண்ணை மிதித்து, முடிந்த மட்டும் தேக்கினார்கள். ஆழமாக வெட்டிய சேரிக் கிணறு அதை மெல்ல மெல்லக் குடித்துவைத்துக்கொண்டது; ஊர்க் கிணறு வரைக்கும் போய்ச் சேர அதில் மிச்சமில்லை.

பங்குனி பாதியில் ஊர்க் கிணற்றின் தரை தெரிந்தது. மஞ்சள் தெளித்து மந்திரம் ஓதிய கிணறு, வெடித்துக் கிடந்தது. ஊர்க்காரர்கள் சின்னாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, பீப்பாயில் நிரப்பி, வண்டி கட்டிக் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீருக்கும் அடிதடி நடந்தது. அடித்துக்கொண்டவர்கள் எல்லாம் ஒரே ஜாதிதான்.

சித்திரையில் ஒரு நாள் உச்சிவேளையில் மாதம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வண்டி அச்சு முறிந்து ஆற்றோரமே நின்றுவிட்டது. ராஜப்பன் அதைப் பார்க்கப் போயிருந்தார். வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட இல்லை. ரத்தமும் பிசுக்குமாகக் குழந்தை வீறிட்டது. "ஆத்தா, நாக்கு ஒட்டுது," என்றாள் மாதம்மாள். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, கதவைத் திறக்காமலே இல்லை என்றார்கள்.

மருத்துவச்சியிடம் மகளை விட்டுவிட்டுச் சென்னம்மாள் குடத்தை எடுத்தாள். கொளுத்தும் வெயிலில், தெருவின் நடுவே, சேரியைப் பார்த்து நடந்தாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

கிணற்றடியில் செல்லி தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். சென்னம்மாள் பத்தடி தள்ளியே நின்று குடத்தைத் தரையில் வைத்தாள்.

"செல்லி... மாதம்மாளுக்குக் கொழந்தை பொறந்திருக்குது. ஒரு கொடம் ஊத்து."

செல்லி கயிற்றை விட்டுவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் பெரிய புள்ள பொறந்தப்ப உங்க கெணத்துக்கிட்ட நானும் இப்புடித்தாங்க பானைய வெச்சுட்டு நின்னேன். பொழுது சாயுற வரைக்கும் ஒருத்தரும் ஊத்தல. நீங்களும் ரெண்டு தடவை வந்து மொண்டுக்கிட்டுப் போனீங்க."

சென்னம்மாளுக்கு அது நினைவுகூட இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. தலை தானாகக் குனிந்தது.

"எட்ட நிக்க வெச்சு ஊத்துற பழக்கம் இங்க கெடையாது," என்றாள் செல்லி. அவள் குரலில் இரக்கம் ஏதுமில்லை. "வேணும்னா மேல ஏறி வந்து, இந்தக் கவுத்தப் புடிச்சு, நீங்களே சேந்திக்குங்க."

செல்லியின் கை பட்டு ஈரமாயிருந்த கயிறு அது. சென்னம்மாள் ஒரு கணம்தான் தயங்கினாள். பிறகு குடத்தோடு கிணற்று மேடையில் ஏறினாள்.

குழந்தையைக் குளிப்பாட்டி, மகளுக்குக் குடிக்கக் கொடுத்து நிமிர்ந்தபோது ராஜப்பன் வெறும் கையோடு வந்து சேர்ந்தார். உதடு வெடித்திருந்தது. பேத்தியைக்கூடப் பார்க்கவில்லை, குடத்தைத்தான் பார்த்தார்.

"ஏது தண்ணி?"

"சேரிக் கெணத்துத் தண்ணி. பொறந்ததுலயிருந்து நீங்க குடிச்சதுதான். அது இத்தனை நாளா மண்ணுக்கு அடியில வந்துச்சு, இன்னிக்கு என் இடுப்புல வந்துச்சு. அவ்வளவுதான்."

அவர் கையை ஓங்கினார். ஓங்கிய கை தளர்ந்தது. தெருவை இரு பக்கமும் எட்டிப் பார்த்தார். ஓசையில்லாமல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பிறகு சொம்பை முக்கி மொண்டு, அண்ணாந்து மடக் மடக்கென்று ஊற்றிக்கொள்ளத் தொடங்கினார்.

சென்னம்மாள் மிச்சத் தண்ணீரை அண்டாவில் கவிழ்த்துவிட்டுக் குடத்தை இடுக்கிக்கொண்டாள். தாழ்ப்பாளை நீக்கி இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். எதிர்வீட்டு வாசலில் ஊர்ப் பெரியவர்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்கவுண்டரின் வாய்க்கு மேல் சொம்பு அப்படியே நின்றது.

"குடிச்சு முடிங்க," என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "நான் போயி சேரியில இன்னொரு கொடம் சேந்திக்கிட்டு வர்றேன்."