வாலில்லாக் கழுதையின் முறை

எங்கள் கூட்டத்தில் கைதட்டக் கூடாது. யாராவது தான் செய்த இணையச் செயலியைத் திரையில் ஓட்டிக் காட்டினால், முடிந்ததும் கால் மணி நேரம் எல்லோரும் சேர்ந்து அதை உடைக்கப் பார்ப்போம். பெயர் கேட்கும் இடத்தில் குப்பையைப் போடுவோம், எண் கேட்டால் மைனஸில் போடுவோம், ஒரே பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருப்போம். ஸ்ஃபாக்ஸ் நகரத்து நிரலாளர்களுக்கு இதுதான் மரியாதை. புதிதாக வருகிறவர்கள் முதல் தடவை முகம் சுருங்கிப் போவார்கள். அப்புறம் அவர்களே முன்வரிசையில் உட்கார்ந்து உடைப்பார்கள்.

கூட்டத்தை நடத்துகிறவன் நான், லம்ஜத். நடத்துவது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மொழிப் பள்ளிக்காரரிடம் சனிக்கிழமை மதியத்துக்கு ஓர் அறையைக் கெஞ்சி வாங்க வேண்டும், தேநீர் வரவழைக்க வேண்டும், ஸ்கந்தரை அடக்க வேண்டும். கடைசி வேலைதான் ஆகாத வேலை. வாய் ஓயாது அவனுக்கு.

அந்த நவம்பர் சனிக்கிழமை எங்கள் கூட்டத்து எம்னா தன் செயலியைக் கொண்டுவந்தாள். அகாரெப் சாலையில் ஹாஜி மிக்தாதின் ஆலிவ் எண்ணெய் ஆலை இருக்கிறது. பறிப்புக் காலத்தில் விவசாயிகள் மூட்டைகளோடு வந்து முறைக்குக் காத்துக் கிடப்பார்கள். ஹாஜியின் உறவுக்காரர்கள் மட்டும் பின்வாசல் வழியாக முதலில் அரைத்துக்கொண்டு போவார்கள். வெறுத்துப்போன விவசாயிகள் எதிர்ச்சாலை ஆலைக்கு நகர ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எம்னா போய்ப் பேசி, ஆலை முற்றத்தில் ஒரு பெரிய திரையை மாட்டினாள். விவசாயி தன் போனிலேயே பெயரையும் மூட்டைக் கணக்கையும் பதிவார். வரிசை திரையில் தானாக நகரும். முறையை விட்டுக்கொடுப்பதென்றால் பதிந்தவரே நேரில் வந்து கவுண்டரில் சொல்ல வேண்டும். போனில் மிரட்டி யாருடைய முறையையும் யாரும் பிடுங்கக் கூடாது என்று அப்படி வைத்திருந்தாள். "ஒருத்தர் பேரை எவராலயும் எடுக்க முடியாது" என்று முற்றத்தில் நின்று விவசாயிகளிடம் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர்கள் திரும்பி வந்தார்கள். இதை நம்பி அவள் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டிருந்தாள். இந்தப் பருவம் ஒழுங்காகப் போனால் மற்ற ஆலைகளும் வாங்கும், இல்லையென்றால் ஒன்றுமில்லை.

செயலி அழகாக ஓடியது. எனக்கே பொறாமை. பிறகு உடைக்க ஆரம்பித்தோம். அறை முழுக்கச் சிரிப்பு. ஒருவன் 'பூஜ்யம்' என்று பதிந்தான். ஒருத்தி பெயரிடத்தில் வெறும் 'ஆ'வாக நிரப்பினாள். ஸ்கந்தர் 'வாலில்லாக் கழுதை, மைனஸ் ஏழு மூட்டை' என்று போட்டுவிட்டு எழுந்து நின்று வணங்கினான். எம்னாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அப்போது அவள் போன் அடித்தது. ஆலைக் கவுண்டரில் இருக்கும் ஸுஹா.

"அக்கா, இங்க ஒரே ரகளை. வாலில்லாக் கழுதைன்னு ஒருத்தர் மூட்டை கொண்டு வர்றாராம், திரையில காட்டுது. அவருக்குப் பின்னாடி நிக்கிறவங்க என்னைத் திட்டுறாங்க. யாருக்கா அது?"

எம்னா சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். லேப்டாப்பைக் குனிந்து பார்த்தாள். காட்டுவதற்கென்று தனியாகச் சோதனைப் பிரதி ஒன்று செய்து வைத்திருந்தாள். அவசரத்தில் அதைத் திறக்காமல், ஆலையில் ஓடிக்கொண்டிருந்த நிஜத்தையே எங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறாள். எங்கள் குப்பை முழுவதும் ஆலையின் உண்மையான வரிசையில் போய் உட்கார்ந்திருந்தது. வராத ஒவ்வோர் ஆளுக்காகவும் ஆலை அரை மணி நேரம் காத்திருக்கும். பின்னால் வந்தவர்களின் ஆலிவ் மூட்டையிலேயே புழுங்கிக் கெட்டுப்போகும்.

"இதுக்கு ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? ஒரே வரி. டேட்டாபேஸ்ல நுழைஞ்சு மொத்தமா அழிச்சுடு" என்றான் ஸ்கந்தர்.

அவள் விரல் விசைப்பலகைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"அவங்கதான் பார்த்துட்டாங்களே. இன்னைக்குக் கழுதை காணாமப் போனா, நாளைக்கு நம்ம பேரும் இப்படித்தான் போகும்னு நினைக்க மாட்டாங்களா?"

"அப்போ என்னதான் செய்யச் சொல்ற?"

"பதிஞ்சவங்க நேர்ல வந்து விலகணும். விதி அதுதானே? எந்திரிங்க எல்லாரும்."

ஸ்கந்தர் என்னைப் பார்த்தான். "வண்டியை எடுடா, கழுதை" என்றேன்.

ஐந்தாறு கார்களில் அடைத்துக்கொண்டு போனோம். ஆலை முற்றத்தில் விவசாயிகள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்லெறியாததுதான் குறை. எம்னா நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். ஸுஹா பாவம், ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள்.

"பூஜ்யம் இருக்காரா? பூஜ்யம்!"

வங்கிக்கு மென்பொருள் எழுதுகிற எங்கள் ஆள் தலையைக் குனிந்துகொண்டு கவுண்டருக்குப் போனான். 'ஆ'வை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஸுஹா கத்தியே காட்டினாள். அங்கேதான் முதல் சிரிப்பு கிளம்பியது. வாலில்லாக் கழுதை முன்னால் போனபோது முற்றமே கழுதை மாதிரிக் கனைத்தது. "மூட்டை எங்கடா? வழியில தின்னுட்டியா?" என்று ஒருவர் கேட்டார். வாய் ஓயாத ஸ்கந்தர் விலகிக்கொண்ட கையோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டான். எனக்கு அது போதும், வந்த அலைச்சல் தீர்ந்தது.

எல்லோரும் விலகி முடித்ததும் வரிசை பழையபடி ஆனது. அப்போது ஷெத்லி என்ற விவசாயி தன் சரக்கு வண்டியில் சாய்ந்தபடி கேட்டார்.

"பொண்ணே, ஒண்ணு கேக்குறேன். இதை நீ அங்க இருந்தே அழிச்சிருக்க முடியாதா?"

எம்னா என்னைப் பார்த்தாள். பொய் சொல்லிவிடு என்று என் மனம் அடித்துக்கொண்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

"முடியும்" என்றாள்.

"எவராலயும் முடியாதுன்னு இதே இடத்துல நின்னு சொன்னியே?"

"ஹாஜியால முடியாது, ஸுஹாவால முடியாது. செஞ்சவ நான், என்னால முடியும். அன்னைக்கே அதைச் சொல்லியிருக்கணும். தப்புதான்."

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. ஷெத்லி வண்டியில் ஏறி இன்ஜினைக் கிளப்பினார். எதிர்ச்சாலை ஆலைக்குத்தான். இரண்டு பேர் அவரைப் பார்த்துத் தங்கள் மூட்டைகளைத் திரும்ப ஏற்ற ஆரம்பித்தார்கள். எம்னா அசையாமல் நின்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹாஜி மிக்தாத் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் ரகசியம் பேசினாலே ஊருக்குக் கேட்கும்.

"அம்மாடி, முடியும்னு இத்தனை நாள் சொல்லவேயில்லையே! என் மச்சான் வண்டி கடைசியில நிக்குது. சத்தமில்லாம முன்னாடி தள்ளிவிடு. அடுத்த வருஷமும் திரை உன்னோடதுதான்."

"மாட்டேன் ஹாஜி."

"இப்பத்தானே முடியும்னே?"

"முடியும். செய்ய மாட்டேன்."

ஹாஜியின் சிரிப்பு போய்விட்டது. "நாளைக்கே கழட்டிடுவேன்."

"கழட்டிக்குங்க. இன்னைக்கு நிக்கிறவங்க முறை மட்டும் முடியட்டும்."

சொல்லிவிட்டு அவள் திரைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். வாசல்வரை போய்விட்ட ஷெத்லியின் வண்டி, ஹாஜியின் குரல் கேட்டு, கண்ணாடி இறக்கியபடி அங்கேயே நின்றிருந்தது. இன்ஜின் நின்றது. அவர் இறங்கி வந்து ஹாஜிக்கு முன்னால் நின்றார்.

"ஹாஜி, கழட்டுற நேரத்தை முன்னாடியே சொல்லிடுங்க. எங்க வண்டியும் அதோடயே கிளம்பிடும்." பிறகு கவுண்டர் பக்கம் திரும்பினார். "ஸுஹா, என் பேர் இன்னும் இருக்கா?"

"இருக்கு பெரியப்பா. அங்கயேதான்."

அவர் முதல் மூட்டையைக் கீழே இறக்கினார். பாதி ஏற்றியிருந்த இரண்டு பேரும் மறுபடி இறக்க ஆரம்பித்தார்கள். எங்களில் யாரும் சொல்லாமலே ஸ்கந்தர் போய் ஒரு மூட்டைக்குத் தோள் கொடுத்தான். எம்னா என் காருக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

வரிசையின் கடைசியிலிருந்து தடித்த ஆசாமி ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"மச்சான், என்ன இது? எனக்கு எப்ப முறை?"

ஹாஜி மிக்தாத் அவரைப் பார்த்தார். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களையும் பார்த்தார்.

"கண்ணு எங்க போச்சு உனக்கு?" என்று எரிந்து விழுந்தார். "திரையில பாரு."