துணைக்குழுவின் முதல் கூட்டம்

நாட்டில் பாதி மாநிலங்கள் வெள்ளத்தில் இருந்தன. மீதிப் பாதியில் மக்கள் பிரதிநிதிகள் கட்சி மாறிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் குடிமக்கள் சும்மா இருப்பது துரோகம் என்று தேசியச் சீர்திருத்தக் குடிமக்கள் இயக்கம் முடிவு செய்தது. கிள்ளானில் ஒரு மண்டபத்தை எடுத்து, ஏர்கோனை முழு வேகத்தில் போட்டு, காலையிலேயே கூட்டத்தைத் தொடங்கிவிட்டது.

உஷாராணி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைப்பேசியில் மணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாமான் குடியிருப்பு ஆற்றை ஒட்டியது. தாமானின் பெரிய கால்வாய் ஆற்றில் விழும் இடத்தில் ஒரு மதகுக் கதவு உண்டு. துருப்பிடித்த அந்தக் கதவு பாதி திறந்தபடியே நின்றுபோயிருந்தது. கடல் ஏறினால் ஆற்றுத் தண்ணீர் அந்த வாய் வழியாக வீடுகளுக்குள் வந்துவிடும். இன்றைக்கு மூன்று மணிக்கு ஏற்றம். மழை வேறு நின்றபாடில்லை. போன வெள்ளத்தில், பக்கவாதத்தில் கிடக்கும் கணவர் ரெங்கசாமியைச் சாப்பாட்டு மேசைமேல் படுக்கவைத்து, மேசையோடு மிதந்துவிடுவாரோ என்று பிடித்துக்கொண்டே நின்றவள் அவள். மணல்மூட்டைகளும் தூக்க ஆட்களும் கிடைத்தால் மதகை அடைத்துவிடலாம். அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள். நிகழ்ச்சி நிரலின் கடைசியில், தேநீருக்குச் சற்று முன்பாக, 'பொதுமக்கள் கருத்து' என்று அவளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

அறிவிப்பாளர் சுகுமாறன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மேடையில் இருந்தவர்களைப் பட்டத்தோடு வரிசையாக விளித்து முடித்தார். நாற்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுத்த குரல் அது. உட்காரப் போனவரின் காதில் யாரோ கிசுகிசுத்தார்கள். துணைப் பொருளாளருக்குப் போன மாதம் டத்தோ பட்டம் கிடைத்திருந்ததாம். சுகுமாறன் முகம் வெளுத்தது. நடுவில் ஒரு டத்தோவைச் செருகினால் மற்ற டத்தோக்கள் என்ன நினைப்பார்கள்? மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பிறகு பொன்னாடைகள். பிறகு பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்திருந்த வழக்கறிஞர் வேலாயுதம், மாற்றம் அடித்தளத்திலிருந்து வர வேண்டும் என்று, பளிங்கு மேடையில் நின்று முக்கால் மணி நேரம் விளக்கினார். நாட்டைச் சீர்திருத்தும் தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட ஆளில்லை. நாடும் அங்கே இல்லை.

பன்னிரண்டு தாண்டியதும் உஷாராணி எழுந்து நேரே மைக்குக்குப் போனாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க தாமான் மதகு மூடல. மூணு மணிக்குத் தண்ணி வந்துரும். மணலும் ஆளும் வேணும். இப்பவே."

மண்டபம் உச்சுக்கொட்டியது. தலைவர் டத்தோ பழனியப்பன் நெற்றியைச் சுருக்கினார். மேருவில் அவருக்கு லோரிக் கம்பெனி. முற்றத்தில் மலைமாதிரி மணல்.

"ரொம்ப முக்கியமான விஷயம்மா. இத நாம சும்மா விடக்கூடாது," என்றார். "ஒரு துணைக்குழு அமைச்சுருவோம்."

"முன்மொழிகிறேன்," என்றார் வேலாயுதம்.

"வழிமொழிகிறேன்," என்றார் துணைப் பொருளாளர், புதுப் பட்டம் கேட்கும்படியாக.

நல்ல மனிதர்கள்தான். உஷாராணிக்குத் தாங்கள் மிகப் பெரிய உதவியைச் செய்துவிட்டதாகவே நம்பினார்கள். அவளையே தலைவியாகவும் போட்டு, கைதட்டி, தேநீருக்கு எழுந்தார்கள்.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாக ஒரு யோசனையும் வந்தது. கோயில் மகளிர் பிரிவில் எட்டு வருடம் செயலாளராக இருந்தவள். இந்த ஆட்களை அவளுக்குத் தெரியும். சாவு வீட்டுக்குத் தாமதமாகப் போவார்கள். கூட்டத்துக்கு மட்டும் முன்வரிசை தேடி முன்கூட்டியே வருவார்கள்.

"ஒரு நிமிஷம்!" மைக் கிறீச்சிட்டது. "துணைக்குழுவோட முதல் கூட்டம் இன்னைக்கு ரெண்டு மணிக்கு. இடம், மதகடி. டத்தோ நீங்கதான் காப்பாளர். மேடையில இருக்கற எல்லாரும் உறுப்பினர். வராதவங்க பேர கூட்டக் குறிப்புல 'காரணமின்றி வரவில்லை'ன்னு எழுதிருவோம்."

எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். இருபது வருடப் பொதுவாழ்வில் அப்படி ஒரு வரி யார் பெயருக்குப் பக்கத்திலும் விழுந்ததில்லை.

"காப்பாளர்னா," பழனியப்பன் தொண்டையைச் செருமினார், "நான் என்னம்மா செய்யணும்?"

"ரெண்டு லோரி மணல் கொண்டாரணும் டத்தோ."

"மழையிலயா?"

"கூட்டத்த ஒத்திவைக்கலாம் டத்தோ. தண்ணி ஒத்துக்கணும்லா."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பழனியப்பன் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேருவுக்குப் போன் போட்டார்.

இரண்டு மணிக்கு மதகடியில் லோரிகள் நின்றன. பளபளக்கும் சப்பாத்துகள் சேற்றில் வரிசை கட்டின. சாக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்று வேலாயுதத்துக்குத் தெரியவில்லை. தாமான் பெண்கள் பிடித்துக் காட்டினார்கள். துணைப் பொருளாளர் ஒரு மூட்டையைத் தூக்கினார். அடுத்ததை இன்னொருவரோடு சேர்ந்து தூக்கினார். மூன்றாவதற்குச் சட்டையைக் கழற்றிவிட்டார். பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நேரமில்லை. "அண்ணே, பிடிங்க!" "தம்பி, இங்கிட்டு!" என்றுதான் சத்தம் போட்டுக்கொண்டார்கள்.

மூன்றரைக்கு ஆறு ஏறி வந்து மூட்டைகளில் மோதியது. இடுக்குகளில் கசிந்தது. தாமான் பக்கம் மழைத் தண்ணீர் கணுக்காலுக்கு நின்றது, அதற்குமேல் ஏறவில்லை. உஷாராணி வீட்டுக்குப் போன் போட்டாள்.

"தண்ணி வந்துச்சா?"

"வாசலோட நிக்குது," என்றார் ரெங்கசாமி குழறலாக. "நீ சாப்பிட்டியா?"

மூட்டைச் சுவரின்மேல் உட்கார்ந்து பழனியப்பன் மூச்சு வாங்கினார். ஆற்றைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"நாளைக்கும் ஏறுமாம்மா?"

"ஏறும் டத்தோ. கதவ சரி பண்ற வரைக்கும்."

"இந்தக் கதவு எந்த ஆபீஸ் பொறுப்பு?"

உஷாராணி வேலாயுதத்தைப் பார்த்தாள். அவர் மற்றவர்களைப் பார்த்தார். நாட்டையே சீர்திருத்தும் தீர்மானத்தைக் காலையில் நிறைவேற்றியவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "ஒன்பது தடவ போயிருக்கேன். தனியா போனா உக்கார கூடச் சொல்ல மாட்டாங்க. திங்கட்கிழமை காலையில எல்லாரும் வாங்க."

"கூட்டமா?" என்றார் வேலாயுதம்.

"இல்ல சார். சும்மா போய் நிக்கறது."

வேலாயுதம் கைச்சேற்றைக் கால்சட்டையில் துடைத்தார். "எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.