மூக்கருக்கு எட்டாத வாசனை

திருநீற்றுப்பச்சிலையில் எண்ணெய் வடிக்கிறவரைத் தெருவே மூக்கர் என்றுதான் கூப்பிடும். சும்மா சொல்லக்கூடாது, தொழிலில் கெட்டிக்காரர். வெயில் நாடுகளில் பிறந்து ஊரெல்லாம் பரவிய செடி அது. பூவிடத் தொடங்கும்போது அறுத்து, நிழலில் வாடவிட்டு, கொப்பரையில் அடைத்து, அடியிலிருந்து நீராவி விடுவார். ஆவி குளிர்ந்து தண்ணீராக இறங்கும். மேலே இளமஞ்சளாக எண்ணெய் மிதக்கும். ஒரு வண்டி இலைக்கு ஒரு புட்டி தேறினால் பெரிய விஷயம். சோப்புக்கும் தைலத்துக்கும் அதில் துளித்துளியாகத்தான் சேர்ப்பார்கள். அப்படியே தோலில் பூசினால் எரிந்து தொலைக்கும்.

அந்த வாசனை மட்டும் மூக்கருக்குத் தெரியாது! வருஷக்கணக்காக அதிலேயே கிடந்து மூக்கு மரத்துப்போய்விட்டது. காபி தெரியும், புகை தெரியும், இது தெரியாது. வடித்ததும் ஒரு காகிதத் துண்டை அதில் நனைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். தையல் வேலை செய்கிற மனைவி முகர்ந்து, நல்லதா கெட்டதா என்று சொல்லுவாள். வெளியே வந்து, தானே கண்டுபிடித்ததாக அடித்துவிடுவார்.

போன முறை சோப்புக் கம்பெனிக்காரர், இந்த மூக்குக்குத் தங்கத்தில் உறை போடலாம் என்று புகழ்ந்தார். மனைவி பக்கத்திலேதான் நின்றாள். மூக்கருக்கு வாயெல்லாம் பல். பிறவியிலேயே வந்தது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வாயை மூடியவள்தான். சாப்பாடு வரும், பேச்சு வராது.

இந்த முறை இலை ஏற்றும் வண்டி வரத் தாமதமாகி, அறுத்த இலை குவியலாகவே கிடந்து சூடேறிவிட்டது. அப்படிப்பட்ட இலையில் மக்கல் நாற்றம் ஏறலாம், ஏறாமலும் போகலாம். மூக்கருக்குக் கம்பெனிக்காரரை விட்டால் வேறு வாடிக்கை இல்லை. கெட்டதைக் கொடுத்தால் அவர் போய்விடுவார். நல்லதைக் கொட்டினால் ஒரு போகத்து உழைப்பு போய்விடும். வடித்து முடித்து, எண்ணெயில் நனைத்த காகிதத்தைத் தையல் மிஷின் மேல் வைத்துக் கெஞ்சினார். அவள் அதை ஓரமாக நகர்த்திவிட்டுத் தைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கம்பெனிக்காரர் வந்தார். தனக்கு எல்லாப் பச்சிலையும் ஒரே வாசனைதான், மூக்கர் சொன்னால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மூக்கர் புட்டியை முகர்ந்தார். வெறும் தண்ணீர்போல இருந்தது. நல்லது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. உள்ளே மிஷின் சத்தம் நின்றது. அவருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

"எனக்குத் தெரியாதுங்க. இத்தனை நாளும் மோந்து பாத்துச் சொன்னதெல்லாம் என் வீட்டுக்காரிதான்."

மனைவி வந்து புட்டியை வாங்கினாள். உண்மையைச் சொன்ன புண்ணியத்துக்காவது நல்லது என்று வரும் என மூக்கர் உள்ளூர நம்பினார்.

"கெட்டுப்போச்சுங்க, கொண்டுபோகாதீங்க" என்றாள் கம்பெனிக்காரரிடம்.

அடுத்த முறை வடித்ததும் தகவல் சொல்லும்படி அவளிடம் கேட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் மூக்கருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"நீங்க காகிதத்த வச்சப்பவே தெரியும்."

"அப்பவே சொல்லியிருந்தா இந்த மானக்கேடு எனக்கு வந்திருக்குமா?"

"சொல்லியிருந்தா, நீங்கதான் கண்டுபிடிச்சதா அவர்கிட்ட சொல்லியிருப்பீங்க."

 மூக்கர் அதைத்தான் செய்திருப்பார்.