மைக் பட்டனை அழுத்திய புருஷன்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. ஒட்டுக்கேட்டு எழுதுகிறேன்.

என் இதயத்தின் ரத்தக்குழாய்களைப் படம் பிடித்துவிட்டு, மணிக்கட்டில் ஒரு பட்டையை இறுக்கிக் கட்டி, "ஆடாம அசையாம படுங்க" என்று கட்டிலில் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலுக்கும் எனக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. திரை கண்ணைத்தான் மறைக்கும், காதை மறைக்காது என்று ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். அந்தப் பக்கம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும், சற்றுமுன் நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆடக்கூடாத மனுஷன் வேறு என்ன செய்வான்? கேட்டேன்.

2

எப்படித் தொடங்குவது?

‘குழாய் ரிப்பேர் செய்பவனுக்கு நெஞ்சில் குழாய் அடைத்துக்கொண்ட அன்று…’

வேண்டாம். நீங்கள் விடும் கொட்டாவி இங்கே கேட்கிறது.

‘வெள்ளை விளக்குகளின் கீழே மரணத்தின் குளிர்ந்த விரல்கள் அவளை…’

குளிருக்குக் காரணம் ஏசி. அடித்துவிட்டேன்.

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். பக்கத்துக் கட்டில்காரி கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. புருஷன் தையல்காரர், பயம் வந்தால் வாய் மூடாதவர்.

3

நெஞ்சுவலி முதலில் வந்தது ஒரு நாற்சந்தியில். மாணவி வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டாள், பின்னால் ஒரே ஹார்ன். அக்காவின் மாரில் யாரோ முழங்காலை வைத்து அழுத்தினாற்போல் இருந்தது. "ஒண்ணும் இல்ல, மறுபடி ஸ்டார்ட் பண்ணு" என்று மாணவியிடம் சொன்னாள். அது தனக்கும் சேர்த்துச் சொன்னது.

வீட்டில் நெஞ்சைத் தடவுவதைப் புருஷன் பார்த்துவிட்டார்.

"என்ன?"

"கேஸ்."

அன்றிலிருந்து அவர் தினமும் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அவளும் வாங்கிக் குடித்தாள். (இந்த இடத்தில் அவள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. ஒரு பொய்யை அந்த மனுஷன் கையாலேயே சூடு பண்ணிக் குடிப்பதா? ஆனால் காரணம் இருந்தது.) மாரைப் பிடித்துக்கொண்டு உட்காரும் டீச்சரிடம் யார் வண்டி கற்க வருவார்கள்? ஓட்டுகிறவருக்குப் பக்கத்திலிருக்கும் அந்த இருக்கையை விட்டால் தான் யார் என்றே அவளுக்குத் தெரியாது.

டிரைவிங் ஸ்கூல் மாடிப்படி காட்டிக்கொடுத்தது. பாதிப் படியில் வேர்த்து உட்கார்ந்தவளை மாணவியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தாள். மறுநாள் ஆஞ்சியோ, எனக்கு எடுத்த அதே படம்.

"படம் மட்டும் எடுங்க டாக்டர். உள்ள எதையும் வெச்சுடாதீங்க" என்றாள் அக்கா.

4

மணிக்கட்டில் மரத்துப்போக ஒரு ஊசி. அந்த வழியாக மெல்லிய குழாய் ஒன்று கை ஏறி, தோள் திரும்பி, இதயத்தின் வாசலுக்குப் போனது. அவள் முழு நினைவோடுதான் இருந்தாள். தலைக்கு மேல் கேமரா இப்படியும் அப்படியும் திரும்பியது. மருந்து பாய்ந்ததும் திரையில் ரத்தக்குழாய்கள் இலை உதிர்ந்த கிளைபோலக் கறுத்துத் தெரிந்தன.

வாழ்நாளெல்லாம் பக்கத்து இருக்கையிலிருந்து அதட்டியே பழகியவள். இப்போது தன் உடம்புக்குள் வேறொருவர் ஓட்டுகிறார். பேசாமல் படுத்திருக்க வேண்டும். நாக்கு துறுதுறுத்தது.

(இங்கே டாக்டர் முகமூடியை இறக்கி, ‘அக்கா, என்னைத் தெரியலையா? மூணு தடவை ஃபெயில் பண்ணீங்களே…’ என்று எழுதினேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. டாக்டர் முன்பின் தெரியாதவர். வண்டி ஓட்டத் தெரியுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை.)

"முன்பக்கம் இறங்குற முக்கியமான குழாய்ல பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வெச்சா நல்லது. உங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுறேன்" என்றார் டாக்டர்.

5

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொரு அறை. கம்ப்யூட்டர்கள், மேஜைமேல் ஒரு மைக். புருஷனை அங்கே நிற்கவைத்துப் படத்தைக் காட்டினார்கள். அவர் தையல்காரர்களுக்கே உரிய பார்வை பார்த்தார்.

"இவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்கே! தையலைப் பிரிச்சு விட முடியாதா?"

"அதைத்தான் செய்யப்போறோம்" என்றார் கூட வந்து நின்ற டாக்டர். "பலூன் விட்டு விரிச்சு, மறுபடி சுருங்காம இருக்க வலைமாதிரி ஒண்ணு வைப்போம். இது நேத்து வந்த அடைப்பு இல்லங்க. ரொம்ப நாளா வலி இருந்திருக்குமே?"

புருஷன் மேஜைப் பக்கம் நகர்ந்தார். பிறகு, உள்ளே பேசுவதற்கு டெக்னீஷியன் எந்தப் பட்டனை அழுத்துகிறார் என்று பார்த்துவைத்திருந்தவர், தானே அதை அழுத்தினார்.

"ஏன்டி! கேஸா அது?"

அறை முழுக்கக் கணீரென்று கேட்டது. நர்ஸ் கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டாள்.

"ஏங்க, இங்க எல்லாரும் இருக்காங்க…"

"இருக்கட்டும்! அடுப்புல வெந்நீர் வெச்சு வெச்சுக் கொடுத்தேனே, வாயத் திறந்தியா? என்னை என்ன இளிச்சவாயன்னு நெனச்சியா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணோரம் தண்ணீரும்.

"சிரிக்காதீங்கம்மா, ஆடக்கூடாது" என்று அதே மைக்கில் சொன்னார் டாக்டர்.

"வேலையை விடச் சொல்லிடுவீங்கன்னு பயம்ங்க" என்றாள் கூரையைப் பார்த்து. அதுவரை யாரிடமும் சொல்லாதது.

மைக் மறுபடி இரைந்தது. பிறகு புருஷன் சொன்னது:

"நீ இல்லாத வீட்ல நான் யாருக்கு வெந்நீர் வைக்கிறது?"

[இது அவர் திரைக்குப் பின்னால் சொன்ன கதை. அவள் கதையில் அவர் சொன்னது, "வெச்சுத் தொலைக்கச் சொல்லு!" நான் எழுத்தாளன், முதலாவதுதான் எனக்கு வசதி. ஆனால் ஸ்டென்ட் வைக்க அவளைச் சம்மதிக்கவைத்தது இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.]

"வைங்க டாக்டர்" என்றாள்.

பலூன் விரிந்தபோது அதே முழங்கால் வந்து அழுத்தியது. அவள் பல்லைக் கடிக்கவில்லை. "வலிக்குது" என்று சத்தமாகவே சொன்னாள். பலூன் சுருங்கியது, வலியும் போனது. அடுத்த படத்தில் அந்தக் கிளை நுனிவரை கறுப்பாக ஓடியது. வேலையைப் பற்றி டாக்டர், "கொஞ்ச நாள் ஓய்வு. அப்புறம் சோதிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

6

இனி முடிவு. திரைக்குப் பின்னால் சண்டை ஓய்ந்திருந்தது.

"இனிமே வலி வந்தா என்ன பண்ணுவ?" இது அவர்.

"உங்ககிட்டதான் முதல்ல சொல்…"

சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு தள்ளுவண்டி கிரீச்சென்று கடந்துபோனது. வாக்கியத்தின் வால் எனக்குக் கேட்கவே இல்லை. நம் மொழியின் குறும்பு இது. ஆமாவா இல்லையா என்பதை வால் வரைக்கும் ஒளித்துவைக்கும். சொல்லுவேன் என்றாளா? சொல்ல மாட்டேன் என்றாளா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே அவள் குரலில்தான் கேட்கின்றன.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அடுத்த நொடி திரையை விலக்கிக்கொண்டு அவர் ஓடினார். "சிஸ்டர்! அவளுக்குக் கட்டுப்போட்ட கை வலிக்குதாம்!"

திரைக்குப் பின்னால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கை நிஜமாகவே வலித்ததா, சும்மா ஓடவிட்டாளா என்று நீங்களே சொல்லுங்கள். நான் ஆடக்கூடாது.