கோழிக்கூண்டோடு போன தளபதி

எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வலியசாலையில் எங்கள் மொழிபெயர்ப்பு ஆபீஸ். இத்தாலியில் ஒரு பெரிய மனிதர், உலகப்போரில் தன் தாத்தா தளபதியாக இருந்த கடற்கரைக் காவல் படைப்பிரிவின் வரலாற்றை ஆங்கிலப் புத்தகமாக்கச் சொல்லிப் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். இத்தாலிய மொழி படிக்க ஓமனா. வித்துராக்காரி, மலையாளி, பதினாறு வருஷம் இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவள். அவள் படித்துச் சொல்வாள், நான் எழுதுவேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'மூலத்தில் உள்ளபடியே' என்று இருவரும் கையெழுத்துப் போடவேண்டும்.

அந்தப் படையில் பாதிப் பேர் நாற்பது தாண்டிய குடும்பஸ்தர்கள், மீதி மீசை முளைக்காதவர்கள். கிழிந்த பூட்ஸ். ஒரு மைல் கடற்கரைக்கு ஒரு பீரங்கி. எதிரிக் கப்பல்கள் தெரிந்த அதிகாலையில் தளபதி, "இங்கேயே இருங்கள், உதவிப்படையோடு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, கட்டில், கிராமபோன், கோழிக்கூண்டு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பவில்லை. அவரை நம்பி மதியம்வரை சுட்டுக்கொண்டிருந்ததில் நாற்பத்தொரு பேர் செத்தார்கள். படை எழுத்தரின் குறிப்பேட்டில் எத்தனை கோழி என்றுகூட இருந்தது. தூ.

பேரனிடமிருந்து மெயில் வந்தது. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, 'தளபதி கடைசிவரை கடற்கரையிலேயே நின்றார்' என்று போடவேண்டுமாம்.

மேனேஜர் உமாசங்கர் பழம்பொரி தின்றுகொண்டே, "ஒரு வரிதானே சாரே. செத்தவன் வந்து கேஸ் கொடுக்கப் போறானா?" என்றார். நாங்கள் கையெழுத்துப் போடவேண்டிய, மாற்றி அச்சிட்ட பக்கத்திலேயே விரல் எண்ணெயைத் துடைத்தார்.

ஓமனா பேனாவை மூடினாள். "ஞான் ஒப்பு போடமாட்டேன் சார். அந்தப் படையில இருந்த ஒரு வயசான அப்பூப்பனை ஆறு வருஷம் குளிப்பாட்டியிருக்கேன். ஒரு கால் கிடையாது. தினம் ஜன்னல்கிட்ட உக்காந்து, லாரி வந்தோ, லாரி வந்தோன்னு கேக்கும். சாகற அன்னிக்கும் கேட்டது. இதுல ஒப்பு போட்டா அவர் முகத்துல துப்பின மாதிரியாக்கும்."

"அப்போ ரெண்டு பேரும் வேற வேலை நோக்கிக்கோங்க. அஞ்சு மணிக்குள்ள ஒப்பு வேணும்," என்று சொல்லிவிட்டு உமாசங்கர் அந்தப் பக்கத்தோடு தன் அறைக்குள் போனார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நிஜமாகவே கொதித்தது. "நீ இங்கேயே இரு ஓமனா. உள்ளே போய் ரெண்டுல ஒண்ணு பேசிட்டு வரேன். நாம ரெண்டு பேருமே போடலை," என்றேன். அவள் தலையாட்டினாள். போகும்போது குடையையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் கையோடு எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

"நாகேஸ்வரன் சாருக்கு ரிட்டயர் ஆக மூணு வருஷம்தானே பாக்கி?" என்றார் உமாசங்கர் என்னைப் பார்த்து. அவ்வளவுதான் கேட்டார். எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்த அறைக்குப் பின்பக்கமும் ஒரு வாசல் உண்டு. அதன் வழியாக இறங்கி, ஆட்டோ பிடித்து, ஸ்ரீவராகத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

நாலு மணிக்கு ஓமனா போன் செய்தாள்.

"சார், ஞான் இங்கேயேதான் இருக்கேன். சார் பேசி முடிஞ்சோ?"