எசெனின் ஏழு தகப்பன்மார்

1

இந்தக் கதை எனக்கு ஷேர் டாக்சியில் கிடைத்தது. மலையூரான நாரினுக்குப் போகிற வழியில் பக்கத்து இருக்கைக்காரர், "எங்க ஊர்ல ஒருத்தி, செத்துப்போன மேய்ப்பனுக்குத் தன்னோட ஏழு தகப்பன்மாரையும் கொடுத்துட்டா" என்றார். அடுத்த வளைவில் இறங்கிப் போய்விட்டார். மிச்சமெல்லாம் நான் கட்டியது.

2

[மலையெங்கும் பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த நாளில்—]

வேண்டாம். பனி பெய்தால் பாதிச் சோகத்தை அதுவே செய்துவிடும். நல்ல வெயில் நாளாக இருக்கட்டும்.

எசென் செத்துப்போனான். அநாதை விடுதியில் வளர்ந்தவன், தோலோனின் ஆடுகளை மேய்த்தவன். எங்களிடம் ஒப்பாரி தகப்பன் பெயரில் தொடங்கி, தகப்பனுக்குத் தகப்பன் என்று ஏழு தலைமுறை மேலே ஏறும். எசெனுக்கு முதல் பெயரே தெரியாது. எதைச் சொல்லி அழுவது? ஊரார் பேசாமல் குழி வெட்டப் போனார்கள்.

தோலோனின் தங்கை அனார்குல், பிள்ளையில்லாத கைம்பெண், தன் முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு எசெனை அதில் கிடத்தினாள்.

3

ஏன்?

முதல் எழுத்துப்படியில், எசென் அவளை ஆற்றிலிருந்து காப்பாற்றியிருந்தான். அடித்துவிட்டேன், அது வெறும் கைம்மாறு. இரண்டாவது படியில் காதல். அதையும் அடித்தேன். ஒருத்தி காரணமில்லாமல் நல்லது செய்தாள் என்று நம்ப எனக்கே மனம் வரவில்லை.

(மனசுக்குள் அவளிடமே கேட்டேன். "அழ ஆளில்லாம ஒருத்தன மண்ணுக்குள்ள வைப்பாங்களா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள்.)

4

தோலோன் குதிரையில் வந்து இறங்கினான்.

"கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு? ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்ணே."

"ஆடு தர்றேன், அறுத்துப் போடு. நல்ல போர்வை தர்றேன். அவனத் தம்பின்னு மட்டும் சொல்லாத. உனக்குத் தம்பின்னா எனக்கும் தம்பியாயிருவான்ல?"

"ஆவான். அதான் கம்ப வெளிய வச்சிருக்கேன்."

இறந்தவனின் அண்ணன் கூடார வாசலில் கம்பூன்றி நின்று, வருகிறவர்கள் காதுபட 'தம்பி, என் தம்பி' என்று கதற வேண்டும். அந்த வீட்டில் அதற்கு வேறு ஆண் கிடையாது.

(தோலோனை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. எதைக் கேட்டாலும் கொடுப்பான், அப்பன் பெயரைத் தவிர. நானும் அவ்வளவுதான்.)

அனார்குல் கூடாரத்துக்குள் போய், ஒப்பாரி வைக்கும் பெண்களின் வழக்கப்படி சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தன் அப்பன் பெயரிலிருந்து தொடங்கினாள்.

"ஓமுர் பெத்த மகனே! சாதிபெக் பேரனே! என் கூடப் பொறந்தவனே!"

5

முடிவு ஒன்று: தோலோன் குதிரையேறிப் போய்விடுகிறான். பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். எழுதக் கை கூசுகிறது.

முடிவு இரண்டு: கம்பை எடுக்கிறான், ஊன்றி நிற்கிறான், "தம்—

[நிறுத்திவிட்டேன். அவனுக்காக நான் கதறினால் அது அவன் கொடுத்ததாகாது.]

ஆகவே தோலோனைக் கடிவாளமும் கையுமாக அப்படியே விட்டுவிடுகிறேன். துக்கத்துக்கு வரும் ஊரார் தெருமுனை திரும்பிவிட்டார்கள். உள்ளே அனார்குல் ஏழாவது பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கம்பு இன்னும் சாய்த்தபடியே இருக்கிறது, வாசலில் ஆளில்லை.

நீங்களும் அந்த முற்றத்தில்தான் நிற்கிறீர்கள், கம்பு கைக்கெட்டும் தூரத்தில். உங்கள் அப்பா பெயர் என்ன?